சொல்லிச் செய்யும் பொருளுக்குப் பணம் வாங்குவது: சிறு இணையக் கடைக்காரர்களின் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடை நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆரி வேலைப்பாடு ரவிக்கை, கிரானைட் பெயர்க்கல், மரப் பெயர்ப்பலகை, சீர்வரிசைத் தட்டு என்று எல்லாமே ஒருவர் சொல்லி, அவருக்காகவே செய்கிற பொருள்கள். அவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு விற்க முடியாது. நான் தருமபுரியில் ஆரி ரவிக்கைக் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் பெண்கள் என்னிடம் கேட்பதில் பெரும்பகுதி பணத்தைப் பற்றியதுதான். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை.

எவ்வளவு முன்பணம் வாங்க வேண்டும்?

"பாதி வாங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி போதுமா போதாதா என்பதை உங்கள் செலவுக் கணக்குதான் சொல்ல வேண்டும். ஒரு ரவிக்கையை எடுத்துக்கொள்வோம். விலை 6,000 ரூபாய். துணியும் லைனிங்கும் 600, முத்து, குந்தன் கல், ஜர்தோசி 900, ஆரி கூலி 2,500, தையல் கூலி 700, கூரியர் 100. ஆக உங்கள் கையிலிருந்து போவது 4,800. மீதி 1,200 உங்கள் லாபம்.

இப்போது வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். ஊசி இறங்கும் முன் உங்கள் செலவு 1,500தான். அதிலும் முத்தும் கல்லும் வேறு வேலைக்கு ஆகும். வேலைப்பாடு முடிந்த அன்று செலவு 4,000 ஆகிவிடுகிறது. துணியை அவர் அளவுக்கு வெட்டித் தைத்துவிட்டால் பிறகு அது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். 2,000 ரூபாய் மட்டும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இந்த இடம் வரை வந்தவர், வாடிக்கையாளர் போனை எடுக்காமல் போனால் கூலியைக் கைக்காசில் கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் நான் மூன்று தவணையாக வாங்குகிறேன். தொடங்கும்போது 3,000. வேலைப்பாடு முடிந்து, துணி இன்னும் ஆரி போடும் மரச்சட்டத்தில் இருக்கும்போதே படம் எடுத்து அனுப்பி 1,800. அது வந்த பிறகே கத்தரி. பெட்டியைக் கட்டும் முன் கடைசி 1,200. இரண்டாம் தவணை வந்ததும் என் செலவு 4,800 முழுதும் கைக்கு வந்துவிடுகிறது, பாக்கி நிற்பது லாபம் மட்டுமே. உங்கள் பொருளில் எந்த இடத்துக்குப் பிறகு திரும்ப முடியாதோ, அந்த இடத்துக்கு முன்பே அதுவரையிலான செலவு வந்திருக்க வேண்டும். பெயர்க்கல் செய்கிறவருக்கு அது எழுத்தைக் குழிக்கும் நேரம். மரவேலைக்காரருக்கு மரத்தை அறுக்கும் நேரம். சதவீதத்தை அங்கிருந்து கணக்கிடுங்கள்.

1,000, 1,500 ரூபாய்ப் பொருளுக்கும் மூன்று தவணையா?

வேண்டாம். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். சின்னத் தொகைக்கு மூன்று முறை நினைவூட்டுவதில் போகும் நேரம்தான் பெரிய நஷ்டம்.

உறவுக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் எப்படிக் கேட்பது?

நம் ஊரில் பணம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். "நமக்குள் என்ன அச்சாரம், வேலை முடியட்டும் தருகிறேன்" என்பார்கள். அவர்கள் ஏமாற்ற நினைப்பதில்லை. கல்யாணச் செலவு எல்லாப் பக்கமும் இழுக்கும்போது ரவிக்கைப் பணம் கடைசிக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். உறவுக்குச் சலுகை தர விரும்பினால் விலையில் தாருங்கள். 6,000 ரூபாய் ரவிக்கையை 5,400க்குச் செய்யுங்கள். தவணையில் மட்டும் சலுகை வேண்டாம். "ஆரி போடுகிற பெண்ணுக்குச் சனிக்கிழமை கூலி தர வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். அது உண்மைதானே. அதைச் சொன்ன பிறகும் முகம் சுளிப்பவர்கள் மிகக் குறைவு.

"அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது. அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்கவும் கூடாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொந்தத் தளத்தில் தொழிலாக விற்கிறவர்களுக்கும் பொருந்தும். பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, நீங்கள் காட்டியபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தாலோ, திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பவும் மறுக்கக் கூடாது. உங்கள் கையை மீறிய பேரிடரால் ஆன தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சொல்லிச் செய்த பொருள் என்பதால் உங்கள் வேலையில் உள்ள குறை உங்கள் பொறுப்பிலிருந்து நீங்கிவிடாது.

வாடிக்கையாளர் மனம் மாறி ரத்து செய்வது வேறு விஷயம். அதற்குக் கட்டணம் பிடிக்கலாம். ஆனால் நீங்களாக ஆர்டரை ரத்து செய்தால் அதே போன்ற கட்டணத்தை நீங்களும் ஏற்க வேண்டும் என்பது அதே விதிகளில் உள்ள நிபந்தனை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான இழப்பீட்டைத்தான் பெற முடியும் என்கிறது. முன்பணம் முழுதையும் பிடித்துக்கொண்டு, செலவானது அதில் கால்வாசிதான் என்றால், அது வழக்கில் நிற்பது கடினம். நியாயப்படியும் சரியில்லை. அதனால் எந்தக் கட்டத்தில் ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்று பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அதை எப்படி எழுதுவது? எங்களுக்கு வக்கீல் எல்லாம் கிடையாது.

வக்கீல் தேவையில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரே செய்தியாக அனுப்பலாம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் ஆர்டர் விவரம். பட்டு ரவிக்கை ஒன்று. துணி நாங்கள் வாங்குவது, நிறம் அரக்கு. முதுகில் மயில், கைகளில் எட்டு அங்குல வேலைப்பாடு, இத்துடன் உள்ள படத்தின்படி. கல் பச்சை. அளவு, நீங்கள் அனுப்பும் பழைய ரவிக்கையின்படி. மொத்தம் 6,000 ரூபாய், கூரியர் உட்பட. இன்று 3,000, வேலைப்பாடு முடிந்து படம் அனுப்பியதும் 1,800, பொருளை அனுப்பும் முன் 1,200. முதல் தவணை வந்த நாளிலிருந்து 20 நாளில் அனுப்புவோம். வடிவத்தைத் துணியில் பதிக்கும் முன் ரத்து செய்தால் 300 ரூபாய் போக மீதி திரும்பும். பதித்த பிறகு என்றால் அதுவரை ஆன செலவு கழித்து மீதி திரும்பும், கணக்கு அனுப்புவோம். நாங்கள் ரத்து செய்தால் நீங்கள் தந்த பணத்துடன் 300 ரூபாய் சேர்த்துத் தருவோம். எங்கள் வேலையில் குறை இருந்தால் எங்கள் செலவில் சரிசெய்வோம், முடியாவிட்டால் பணம் முழுதும் திரும்பும். சம்மதமானால் 'சம்மதம்' என்று பதில் எழுதுங்கள்."

பதில் வந்த பிறகே கியூஆர் குறியீட்டை அனுப்புங்கள். பணம் முதலில் வந்து, நிபந்தனை பிறகு போனால், "நீங்கள் இதை முன்பே சொல்லவில்லையே" என்ற பேச்சு வரும். இணையத்தளத்தில் கட்டம் வைத்திருந்தால் அதில் வாடிக்கையாளரே டிக் போடும்படி விடுங்கள். முன்பே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மேலே சொன்ன விதிகள் அனுமதிப்பதில்லை.

பாதி வேலையில் வடிவத்தை மாற்றச் சொன்னால்?

ஆரியில் வடிவத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, மேலே கலவையைத் தேய்த்துத் துணியில் பதிப்போம். பதிக்கும் வரை எத்தனை மாற்றம் கேட்டாலும் செய்து தரலாம், தாள்தான் செலவு. பதித்த பிறகு கேட்டால், தொடரும் முன் மாற்றத்துக்கான தொகையையும் புதிய தேதியையும் எழுதி அனுப்பி, அந்தத் தொகையை அப்போதே வாங்குங்கள். "கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட தொகைதான் கடைசியில் பேரத்துக்குப் போகும்.

பெயர்க்கல்லில் எழுத்துப் பிழை வந்தால் யார் பொறுப்பு?

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழில் பரவலாக இருப்பதால் பெயர்க்கல் விற்கும் கடைகளிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கல்லின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்து வடிவத்தை வெட்டி எடுத்து, மணலைப் பீய்ச்சிக் குழிக்கிறார்கள். குழித்த எழுத்தைத் திரும்ப நிரப்ப முடியாது. ஓசூரில் ஒரே வீட்டின் முகப்பில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கேட்பார்கள், சில வீடுகளில் தெலுங்கும். கடைக்காரருக்கு அந்த எழுத்துகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளரே தட்டச்சு செய்து அனுப்பட்டும். ஸ்டிக்கர் ஒட்டிய நிலையில் கல்லைப் படம் எடுத்து அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முருகேசன் வீட்டில் ஒருவர் முருகேசன் என்றும் இன்னொருவர் முருகேஷ் என்றும் சொல்வார்கள். யார் சம்மதம் சொன்னாலும் அது பணம் கட்டியவரின் எண்ணிலிருந்து வந்திருக்க வேண்டும். படத்தில் இருந்த பிழையை அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் பொறுப்பு. படத்தில் சரியாக இருந்து கல்லில் தவறினால் உங்கள் பொறுப்பு, புதுக்கல் உங்கள் செலவில். இரண்டாம் தவணையை அந்தச் சம்மதத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

யு.பி.ஐ. போதுமா, பேமென்ட் கேட்வே வேண்டுமா?

மாதத்துக்குச் சில ஆர்டர் என்றால் யு.பி.ஐ. தாராளம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் எம்.டி.ஆர். (பணம் வாங்கித் தருவதற்காக வணிகரிடம் பிடிக்கும் தொகை) கட்டணம் இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். கடைக்கென்று தனிக் கணக்கு திறந்து, வணிகர் கியூஆர் பெறுங்கள். கடைப் பெயர் திரையில் வருவதைப் பார்த்துத்தான் முகம் தெரியாதவர் துணிந்து பணம் அனுப்புவார்.

கிரெடிட் கார்டு, வெளியூர் வாடிக்கையாளர், பெரிய தொகை என்று வரும்போது கேட்வே, அதாவது வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் இணையச் சேவை, தேவைப்படும். கட்டணம் பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,000 ரூபாய்க்கு 120 ரூபாயும் வரி 21 ரூபாய் 60 காசும் போகும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் உடனே வராது, ஓரிரு வேலை நாள் கழித்தே உங்கள் கணக்குக்கு வரும். கணக்கு திறக்கும்போது, "பொருள் செய்து அனுப்ப மூன்று வாரம் ஆகும்" என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கார்டில் கட்டியவர் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். அப்போது சம்மதச் செய்தி, வேலைப்பாட்டுப் படம், கூரியர் ரசீது மூன்றும் கையில் இருந்தால்தான் வாதாட முடியும். கார்டு எண்ணை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளவே கூடாது.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். நம்பலாமா?

கூடாது. போலிப் படம் செய்வது மிக எளிது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து வரவைப் பார்த்த பிறகே வேலை. இன்னொன்றையும் வீட்டில் போன் எடுக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பணம் பெற யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் அது உங்கள் பணம் வெளியே போகும் வழி.

அவர் கணக்கில் பணம் போய்விட்டது, என் கணக்குக்கு வரவில்லை. என்ன செய்வது?

பதற வேண்டாம், வேலையையும் தொடங்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்கு அனுப்பியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு அனுப்பியவருக்குச் சேரும். இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவர் கோபம் பாதி தணியும்.

கூடுதலாகப் பணம் வந்துவிட்டது, வேறு எண்ணுக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். வந்த கணக்குக்கே திருப்புங்கள், அதுவும் வங்கி வழியாகச் சரிபார்த்து. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால், சைபர் குற்றப் புகாரின் பேரில் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். எல்லாத் திருப்பத்துக்கும் இதுவே நடைமுறையாக இருக்கட்டும். கார்டில் வந்தது கார்டுக்கு, யு.பி.ஐ.யில் வந்தது அதே யு.பி.ஐ.க்கு.

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தருகிறேன் என்கிறார்கள்.

ஆயத்தப் பொருளுக்குச் சரி, சொல்லிச் செய்யும் பொருளுக்கு வேண்டாம். அவர் பெட்டியை வாங்க மறுத்தால் இரண்டு வழிக் கூரியரும் உங்கள் தலையில், பொருளும் யாருக்கும் ஆகாது. தவிர்க்கவே முடியாவிட்டால், செலவு முழுதும் கூரியர் இரு வழியும் முன்பணத்தில் அடங்கியிருக்கட்டும். லாபத்தை மட்டும் பட்டுவாடாவில் வாங்குங்கள்.

வாடிக்கையாளர் தன் பட்டுச் சேலையின் ரவிக்கைத் துண்டையே அனுப்பினால்?

இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தத் துண்டுக்கு மாற்று கிடையாது. அதே நிறம், அதே சரிகை வேறு எங்கும் கிடைக்காது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். துண்டை விரித்து நீளம் அளந்து, கறை, இழை விட்ட இடம் இருந்தால் அன்றே படத்துடன் தெரிவியுங்கள். துணி கெட்டால் எவ்வளவு வரை ஈடு தருவீர்கள் என்ற தொகையையும் ஆர்டர் செய்தியில் எழுதுங்கள்.

வரிக் கணக்கிலும் இது வேறு. அடுத்தவர் பொருளில் நாம் செய்து தரும் வேலை ஜி.எஸ்.டி. சட்டப்படி சேவை. துணியும் நீங்களே வாங்கிச் செய்து விற்றால் அது பொருள் விற்பனை.

முன்பணத்துக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?

பதிவு செய்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு வாங்கிய மாதத்திலேயே வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பில் போடும்போது கட்டினால் போதும். சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு வாங்கும்போதே வரி உண்டு. ஆகவே சொந்தத் துணி ரவிக்கையையும் வாடிக்கையாளர் துணி ரவிக்கையையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். முன்பணம் வாங்கியதும் அதற்கு ரசீதுச் சீட்டு தர வேண்டும். ஆர்டர் ரத்தானால் பணத்தைத் திருப்பியதற்கும் தனிச் சீட்டு உண்டு.

நான் சிறிய கடை. பதிவே தேவையில்லை அல்லவா?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சேவையும் கலந்தால் 20 லட்சம். ஆனால் நம் இரு மாவட்டங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓசூர்க்காரருக்குப் பக்கத்துப் பெரிய ஊர் பெங்களூரு, நாற்பது கிலோமீட்டர்தான். ஆர்டரும் அங்கிருந்துதான் வருகிறது. அது வேறு மாநிலம். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். அறிவிப்பில் பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு, வரம்புக்குள் விற்பவர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கை அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) அதற்கு வேண்டும். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் உள்ள லம்பாடிப் பெண்களின் பூத்தையல் போலக் கையால் செய்யும் வேலைகளுக்கு இது பயன்படக்கூடும். உங்கள் பொருள் பட்டியலில் வருகிறதா என்று, பெங்களூருவுக்கு முதல் பெட்டியை அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முகூர்த்தத்துக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால்?

அன்றே சொல்லுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஆரி போடும் பெண்கள் எல்லோருக்கும் கை நிறைய வேலை இருக்கும். முகூர்த்தம் முடிந்து வந்த ரவிக்கை அந்தப் பெண்ணுக்கு எதற்கு? பணம் முழுதையும் திருப்பித் தருவதா, வேலைப்பாட்டைக் குறைத்து விலையையும் குறைப்பதா என்ற இரண்டையும் அவர் முன் வைத்து, அவரையே முடிவு செய்ய விடுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அனுப்பும் தேதியை எழுதினால் இந்த நிலை அரிதாகவே வரும். வாங்கிய முன்பணத்தில் வேறு ஆர்டருக்குப் பொருள் வாங்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். திருப்பித் தர வேண்டிய நாளில் கையில் பணம் இருக்காது.

புகார் வந்தாலோ, நாமே ஏமாந்தாலோ?

பணம் மோசடியாகப் போனது தெரிந்த உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க. உங்கள் தளத்தில் குறைகளைக் கேட்பவரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். தனியாள் கடை என்றால் அது நீங்கள்தான். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. அதற்குள் தீராவிட்டால் வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போகலாம். அங்கிருந்து உங்களிடம் விளக்கம் கேட்டால், ஆர்டர் செய்தி, சம்மதம், படங்கள், பண வரவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அனுப்புங்கள்.